எட்டயபுரத்துக் கவிஞரும் பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்களும்

நம் கோவில்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எட்டயபுரம் வந்துவிடும். சாலையின் இருபுறமும் கரிசல் காடு. மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும். கோடை வந்தால் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் இம்மண்ணில் தோன்றிய மகாகவி பாரதியாரின் நாட்டுப்பற்றையும் தமிழ்ப்பற்றையும் பற்றிப் பேச்சுப் போட்டிகளில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். இம்முறை அவர் வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து நோக்க விரும்புகிறோம்.

கைபேசியும் இணையமும் வீடுதோறும் வந்துவிட்ட பிறகு, அந்தரங்கம், தகவல் பாதுகாப்பு, கடவுச்சொல் என்னும் சொற்கள் நம் வகுப்பறையிலும் அடிக்கடி ஒலிக்கின்றன. இவை ஏதோ இன்று நேற்றுப் பிறந்த கவலைகள் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். கணினியைக் கண்டிராத பாரதியார், தமக்கு வரும் கடிதமும் பணமும், தம் கையெழுத்துப் பிரதியும், தம் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் பெயரும் அந்நியர் கண்ணுக்குத் தப்பாத நிலையில் பத்தாண்டுகள் வாழ்ந்தார். அந்தப் பத்தாண்டுகளே இக்கட்டுரையின் பொருள்.

சுப்பிரமணியன் என்னும் சுப்பையா 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். ஐந்து வயதிலேயே குழந்தை தாயை இழந்தது. தந்தையார் எட்டயபுரம் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். கணிதத்திலும் யந்திரங்களிலும் அவருக்கு அளவற்ற ஆர்வம். மேனாட்டு யந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதும் மீண்டும் பூட்டுவதும் அவருக்குப் பொழுதுபோக்கு. கரிசல் காட்டில் விளைந்த பருத்தியை இங்கேயே ஆலையிலிட்டுப் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணி, எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலையைத் தொடங்கினார். இன்று நம் வட்டாரத்தில் ஆலைச் சங்கு ஒலிப்பது வியப்பன்று. அந்நாளில் அது பெரிய துணிச்சல். வெள்ளையர் கம்பெனிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் ஆலை நொடித்தது, கையிருப்பும் கரைந்தது. 1898-ல் அவர் மனமுடைந்து காலமானார். தம்மைப் போல் மகனும் கணக்கில் தேற வேண்டும் என்று விரும்பிய அத்தந்தைக்கு, கணக்கென்றாலே ஓடி ஒளியும் பிள்ளை வாய்த்தது. கவிதையோ தானே வந்தது. பதினொரு வயதில் எட்டயபுரம் அவையில் பாரதி என்னும் பட்டம் அப்பிள்ளைக்குக் கிடைத்தது.

திருநெல்வேலியில் படிப்பு, 1897-ல் கடயத்துச் செல்லம்மாளுடன் திருமணம், பின்னர் காசியில் சில ஆண்டுகள், மீண்டும் எட்டயபுரம் அரண்மனை, 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர் வேலை. இவற்றையெல்லாம் பாடநூலில் நாம் படித்தவையே ஆதலால் விரைந்து கடந்து செல்கிறோம். அவ்வாண்டு இறுதியில் அவர் சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராக அமர்ந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது முக்கிய வேலை. அடுத்த ஆண்டே பெண்களுக்கென நடந்த சக்ரவர்த்தினி என்னும் மாத இதழையும் ஏற்று நடத்தினார் என்பதை நம் மாணவியர் சிறப்பாக நினைவிற் கொள்ளலாம்.

1906-ல் இந்தியா என்னும் வார இதழ் தோன்றியது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்தைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்தது இவ்விதழே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்தபின் சிந்தித்தார்கள். அரசாங்கம் சிரிக்கவில்லை. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரனார் கைதானார், தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கொந்தளித்தன. ஆகஸ்டு மாதத்தில் இந்தியா பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியர் என்று பெயர் இருந்தது சீனிவாசன் என்பவருக்கு. எழுதியவர் பாரதியார், சிறை சென்றவர் சீனிவாசன். ஐந்தாண்டுத் தண்டனை. ஒருவர் பெயரில் மற்றொருவர் எழுதுவது எத்தனை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இந்த நிகழ்ச்சியைப் பாரதியாரின் பெருமை பேசும் நூல்கள் சற்று விரைவாகவே கடந்து செல்கின்றன. அந்த மனிதரை நாம் மறக்கலாகாது.

நண்பர்கள் வற்புறுத்தியதன் பேரில் பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குச் சென்றார். ஆங்கிலேயர் சட்டம் அங்கே செல்லாது. அக்டோபரில் இந்தியா இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. விஜயா என்னும் நாளிதழும் தொடர்ந்தது.

இனித்தான் நம் கதை தொடங்குகிறது.

அச்சடிப்பவர் புதுச்சேரியில்; படிப்பவர் மதுரையிலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும். இருவருக்கும் நடுவில் தபால். அந்தத் தபாலோ ஆங்கில அரசின் கையில். புதுச்சேரியில் பிரெஞ்சுத் தபால் நிலையம் இருந்ததோடு, ஆங்கில இந்தியாவுக்குக் கடிதம் அனுப்புவதற்கென ஆங்கிலேயர் நடத்திய தபால் நிலையமும் இருந்தது. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டத்தில் 26-ஆம் பிரிவு என ஒன்று உண்டு. பொது அமைதி காக்க வேண்டிய நேரத்தில் தபாலை இடைமறிக்கவும் நிறுத்திவைக்கவும் அப்பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. அதனால் பாரதியாருக்கு வந்த கடிதங்களும் அவர் அனுப்பிய கடிதங்களும் பிரித்துப் படிக்கப்பட்டன. நண்பர்கள் அனுப்பிய மணியார்டர்களும் தடைப்பட்டன.

பத்திரிகையை ஒழிக்க அதைப் படிக்கக்கூட வேண்டியதில்லை என்பதைப் போலீசார் விரைவிலேயே கண்டுகொண்டனர். இந்தியா இதழ் ஒவ்வொன்றும் ஒரு காகிதப் பட்டியால் சுற்றப்பட்டுச் செல்லும். அப்பட்டியின் மேல் சந்தாதாரர் பெயரும் ஊரும் தெளிவாக இருக்கும். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டால் போதும். பள்ளி ஆசிரியர், சர்க்கார் குமாஸ்தா, கடைக்காரர் என ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒரு போலீஸ்காரர் போய் நின்றால், அடுத்த மாதம் சந்தா நின்றுவிடும். இன்று நம் கைபேசியிற் செல்லும் செய்திகளை முனைக்கு முனை மறையாக்கம் என்னும் முறையில் பூட்டி அனுப்புகிறார்கள். அனுப்புபவர் கருவியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவர் கருவியில் மட்டுமே திறக்கும். நடுவில் இருக்கும் எவரும் படிக்க முடியாது. ஆனால் யார் யாருக்கு, எந்நேரத்தில், எத்தனை முறை பேசினார் என்னும் குறிப்பைப் பூட்டு மறைக்காது. அதுதான் அந்தக் காகிதப் பட்டி. உள்ளே இருக்கும் கடிதத்தை மட்டும் காத்தால் போதும் என்று நாம் நினைக்கும்போதெல்லாம் இந்தியா இதழின் சந்தாதாரர்களை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கில இந்தியாவுக்குள் அவ்விதழ்கள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 1910-ல் புதிய பத்திரிகைச் சட்டமும் வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தோடு இந்தியா நின்றுபோயிற்று. வருமானமும் நின்றது.

அடுத்த ஆண்டு நம் பகுதியிலேயே ஒரு பெரிய நிகழ்ச்சி. கோவில்பட்டியிலிருந்து ரயிலில் தெற்கே போகும் தோழியர் வாஞ்சி மணியாச்சி என்னும் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். 1911 ஜூன் 17-ஆம் நாள் அந்த மணியாச்சி நிலையத்தில்தான் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையின் வேர் புதுச்சேரியில் இருப்பதாக அரசு கருதியது. அதன் விளைவாக அங்கே ஒற்றர்கள் ஈசல் போல் பெருகினர். பாரதியார், வ. வே. சு. ஐயர், அரவிந்தர் முதலியோர் வீடுகளுக்கு எதிரே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினர். யார் வருகிறார், யார் போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டனர். பக்தர் வேடத்திலும் மாணவர் வேடத்திலும் உள்ளேயே வந்து அமர்ந்தவர்களும் உண்டு. வெளியூர்க்காரர் புதுச்சேரியில் தங்க வேண்டுமானால் அவ்வூர்ப் பெருமக்கள் ஐவர் நற்சான்று தர வேண்டும் என்ற ஒரு சட்டமும் அப்போது வந்தது. கலவை சங்கர செட்டியார் முன்வந்து கையெழுத்துகளைத் திரட்டித் தந்ததால் அவர்கள் தப்பினர்.

வாசலில் நின்று பார்ப்பவனைவிட உள்ளே வந்து உட்காருபவனே கொடியவன். பாரதியார் எழுதிக்கொண்டிருந்த சின்னச் சங்கரன் கதையின் கையெழுத்துப் பிரதி ஒருநாள் காணாமற் போயிற்று. ஒற்றர்களின் வேலை என்றே நண்பர்கள் கருதினர். பின்னர் அவர் நினைவிலிருந்து எழுதிய சில பகுதிகளே நமக்குக் கிடைத்துள்ளன. அது முற்றுப்பெறாத கதையாகவே நின்றுவிட்டது. சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட அக்கதையின் களம் ஒரு ஜமீன் ஊர். எட்டயபுரத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஊர் எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நம் கரிசல் பூமிக்கு இது தனிப்பட்ட இழப்பு என்று நாம் உரிமையோடு வருந்தலாம். நகல் எடுத்து வைக்காத ஒரே பிரதி எப்போதும் ஆபத்துக்கு உள்ளானதுதான். அன்று கார்பன் தாள் வாங்கவும் அவர் கையில் காசில்லை.

கிணற்று ஜாடியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளியோடு ஒரு ஜாடி மேலே வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ராஜத் துரோகமான துண்டுப் பிரசுரங்களும் காளியின் படமும். எவனோ இரவில் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இனி பிரெஞ்சுப் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போகும், சோதனை வரும், ஜாடி அகப்படும், ஐயரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்படுவார்கள். இதுவே சூழ்ச்சி. நம்மைப் போன்றவர்கள் என்ன செய்திருப்போம்? பயத்தில் அடுப்பில் போட்டுக் கொளுத்தியிருப்போம். அல்லது மறுபடி கிணற்றிலேயே போட்டிருப்போம். பாரதியார் சொன்ன யோசனை வேறு. ஒன்றையும் மறைக்காமல், தாமதிக்காமல், பிரெஞ்சு அதிகாரிகளுக்கு நாமே தெரிவித்துவிட வேண்டும் என்றார். அவ்வாறே செய்தனர். அதிகாரிகள் வந்து ஜாடியை எடுத்துச் சென்றனர். பின்னர் புகார் எழுந்து, நீதிபதியே வந்து வீடுகளைச் சோதித்தபோது குற்றமான பொருள் எதுவும் அகப்படவில்லை. புகார் செய்தவனே ஊரை விட்டு ஓட நேர்ந்தது.

இன்றைக்கு ஜாடி கிணற்றில் விழுவதில்லை, கைபேசியில் விழுகிறது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு இணைப்பு வரும். பரிசு விழுந்ததென்றோ மின்கட்டணம் பாக்கி என்றோ ஒரு செய்தி வரும். தொட்டவுடன் நமக்குத் தெரியாமலே ஏதோ ஒன்று உள்ளே இறங்கிவிடும். நம் மாணவியர் சிலர் தங்கள் படத்தை எவரோ மாற்றி அனுப்பி மிரட்டும்போது வீட்டில் சொல்ல அஞ்சி மறைப்பதாகக் கேள்விப்படுகிறோம். பெற்றோர்கள் இதை வாசிக்கும்போது சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பிள்ளை வந்து சொன்னால் முதல் அடி பிள்ளைக்கு விழாது என்ற நம்பிக்கை வீட்டில் இருக்க வேண்டும். இணைய மோசடியில் பணம் போனால் உடனே புகார் செய்வதற்கு 1930 என்னும் தொலைபேசி எண் நாடு முழுவதும் இயங்குகிறது. மற்ற இணையக் குற்றங்களுக்கும் மாவட்டந்தோறும் சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. அந்த ஜாடியை ஒரு வாரம் ஒளித்து வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் அன்றோ?

இத்தனை கண்களுக்கு நடுவில்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. செல்லம்மாளும் தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண் குழந்தைகளும் அதே வீட்டில்தான் இருந்தனர். மாதக் கடைசியில் அரிசிக்கு வழி என்ன என்ற கேள்வி செல்லம்மாளுக்குரியது. வாசலில் நிற்பவன் யார் என்ற கேள்வி பாரதியாருக்குரியது. வாழ்க்கை வரலாறுகளில் இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகப் பக்கங்கள். காளிதாசன், சக்திதாசன் முதலிய பல புனைபெயர்களிலும் அவர் எழுதினார். ஆங்கிலத்தில் இந்து பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி, போலீசார் செய்யும் தொல்லைகளைப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். ஒளிந்து வாழ்ந்தவர் என்று அவரைச் சிலர் எழுதுகிறார்கள். நாம் அதை ஒப்பவில்லை. தம் மீது நடக்கும் வேவுக்கு எதிராகத் தம் பெயரைப் போட்டுப் பத்திரிகையில் எழுதியவரை ஒளிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

பத்தாண்டுகள் போதும் என்று தோன்றியது போலும். 1918 நவம்பர் 20-ஆம் நாள் அவர் புதுச்சேரி எல்லையைத் தாண்டினார், உடனே கைதானார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தார். அன்னி பெசண்டு அம்மையார், சி. பி. ராமசாமி ஐயர் முதலியோர் முயன்றதன் பேரில் டிசம்பர் நடுவில் விடுதலை கிடைத்தது. ஆனால் நிபந்தனையோடு. அரசியலில் ஈடுபடக் கூடாது. குறிப்பிட்ட பகுதியில்தான் வசிக்க வேண்டும். எழுதுபவற்றை வெளியிடுமுன் போலீஸ் அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். திருட்டுத்தனமாகப் படித்தவர்களிடம் இனி அவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்! இந்நிபந்தனைகளுக்கு அவர் உடன்பட்டதைக் குறை கூறுவோரும் உண்டு. மனைவியும் இரு பெண்களும் உடைய, உடல் நலிந்த ஒரு மனிதருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று அவர்கள் சொன்னால் நலம்.

செல்லம்மாளின் ஊரான கடயத்தில் இரண்டாண்டுகள் கழிந்தன. 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கோரினார். பதில் இல்லை. 1920-ல் தம் நூல்கள் யாவற்றையும் நாற்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பதினாயிரம் பிரதிகளாக அச்சிட ஒரு பெரிய திட்டம் தீட்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்று அவர் உறுதியாக நம்பினார். தீப்பெட்டித் தொழிலால் வாழும் கோவில்பட்டிக்காரர்களாகிய நமக்கு அந்த உவமையைப் படிக்கும்போது பெருமிதமும் வேதனையும் ஒருங்கே எழுகின்றன. அவர் எதிர்பார்த்த பணம் வந்து சேரவில்லை. கட்டுப்பாடுகள் நீங்கிய பின் அவ்வாண்டு இறுதியில் மீண்டும் சென்னைக்கும் சுதேசமித்திரனுக்கும் சென்றார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தார். வயது முப்பத்தொன்பது நிறையவில்லை.

அவர் மறைந்து 26 ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. ஆனால் தபாலைப் பிரிக்கும் சட்டம் அவரோடு மறையவில்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திர இந்தியாவிலும் நீடித்தது. அதற்குப் பதிலாக 2023-ல் இயற்றப்பட்டு 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும், நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகத் தபாலை இடைமறிக்கும் அதிகாரம் 9-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. குற்றவாளிகளைப் பிடிக்க அரசுக்கு இவ்வதிகாரம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அன்றும் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் குடிமகனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். ஆகவே இனி அரசு நம் தனிவாழ்வில் தலையிட்டால், சட்டம், நியாயமான நோக்கம், அளவு ஆகிய மூன்றையும் காட்டியாக வேண்டும். பாரதியாருக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

ஒற்றர்கள் எழுதிய குறிப்புகள் என்ன ஆயின என்று தோழியர் கேட்கலாம். அவை பத்திரமாகவே இருக்கின்றன. ஆங்கில அரசு தமிழ்ப் பத்திரிகைகளை வாரந்தோறும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சுருக்கி, இரகசிய அறிக்கையாக வைத்துக்கொண்டது. இந்தியா, விஜயா இதழ்கள் பல அழிந்துபோன பிறகு, அவற்றில் பாரதியார் என்ன எழுதினார் என்பதை ஆராய்ச்சியாளர்கள் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் அந்த அறிக்கைகளைப் புரட்டித்தான் ஓரளவு அறிந்தனர். அவர் நூல்களின் உரிமையை 1949-ல் சென்னை அரசாங்கம் பெற்றது. பின்னர் 1955-ல் பொதுமக்களுக்கே அளித்தது. அன்று முதல் அவர் எழுத்தை யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம். எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீடும், 1947-ல் இராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபமும் நாம் சென்று காணத்தக்கவை.